எலும்போடு சேர்ந்து வளையும் டைட்டானியம்: குணகத்தை எதுவரை குறைக்கலாம்?

பதிவு 1 | தாழை

வணக்கம் நண்பர்களே. முதுகலையில் உலோகவியல் படிக்கிறேன். எலும்பு இம்ப்ளான்ட்டுகளுக்கான, விறைப்பு குறைந்த டைட்டானியம் கலவைகள் பற்றி ஆய்வு செய்யத் தொடங்கியிருக்கிறேன். ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

நம் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 10 முதல் 30 கிகாபாஸ்கல். இம்ப்ளான்ட்டில் அதிகம் பயன்படும் 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் சேர்ந்த டைட்டானியத்துக்கு 110. எவர்சில்வருக்கு 200-ஐ ஒட்டி, கோபால்ட்-குரோமியத்துக்கு அதற்கும் மேல். உலோகம் இவ்வளவு விறைப்பாக இருந்தால் சுமையை அதுவே தாங்கிவிடுகிறது, பக்கத்தில் இருக்கும் எலும்புக்கு வேலை இல்லாமல் போய் மெலிகிறது. ஸ்ட்ரெஸ் ஷீல்டிங் என்கிறார்கள்.

அப்படியானால் குணகத்தை 30-க்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? நியோபியம், டான்டலம், சிர்கோனியம் சேர்த்து உருக்கலாம் என்று நினைக்கிறேன். எதை எவ்வளவு சேர்ப்பது என்று எங்கிருந்து தொடங்குவது? இதில் வேலை செய்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவு 2 | உலைக்களம்

நல்ல தலைப்பு. நான் பத்து ஆண்டுகளுக்கு மேல் டைட்டானியம் உருக்கியிருக்கிறேன், பீட்டா கலவைகளும் அதில் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலிமையைக் கூட்டக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன: உருட்டலாம், படிகங்களைப் பொடியாக்கலாம், சூட்டில் வைத்துப் பதப்படுத்தலாம். குணகம் அப்படியில்லை. அது அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பிலிருந்து வருவது. அதை மாற்ற வேண்டுமானால் கலவையை மாற்ற வேண்டும், அல்லது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை மாற்ற வேண்டும்.

சுத்த டைட்டானியத்தின் அணுக்கள் 882 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆல்ஃபா என்ற முறையிலும், மேலே பீட்டா என்ற முறையிலும் அடுக்கியிருக்கும். நமக்கு வேண்டியது பீட்டா, ஏனென்றால் அதில்தான் குணகம் குறைவு. நியோபியம், டான்டலம், மாலிப்டினம், வனேடியம், இரும்பு, குரோமியம் ஆகியவை பீட்டாவை அறை வெப்பநிலை வரை இழுத்துப் பிடித்து வைக்கும். வனேடியத்தின் நச்சுத்தன்மை பற்றிய கவலையால் இந்தப் புதிய கலவைகளில் அதை ஒதுக்கிவிட்டார்கள். நியோபியமும் டான்டலமும் உடம்புக்கு ஒத்துப்போகும். சிர்கோனியமும் வெள்ளீயமும் தனியாகப் பெரிதாக எதுவும் செய்யாதவைபோல இருக்கும், ஆனால் நியோபியத்தோடு சேர்ந்தால் வேறு ஒரு பெரிய உதவி செய்யும். அதற்குக் கீழே வருகிறேன்.

பலரும் "பீட்டாவை நன்றாக நிலைப்படுத்தினால் போதும்" என்று நினைத்து நியோபியத்தை அள்ளிப் போடுகிறார்கள். அது தவறு. பீட்டா எவ்வளவு உறுதியாக நிற்கிறதோ அவ்வளவு விறைப்பும் ஏறும். குணகம் மிகக் குறைவாக இருப்பது, பீட்டா நிலைக்குமா விழுமா என்று விளிம்பில் நிற்கும் இடத்தில்தான். அந்த இடத்தைக் காட்டும் எளிய அளவு ஒன்று உண்டு: ஓர் அணுவுக்குச் சராசரியாக எத்தனை வேலன்ஸ் எலக்ட்ரான். டைட்டானியத்துக்கும் சிர்கோனியத்துக்கும் 4, நியோபியத்துக்கும் டான்டலத்துக்கும் 5. சராசரி 4.2-ஐ ஒட்டி இருந்தால் அந்த விளிம்பில் இருக்கிறீர்கள்.

ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மிட்சுவோ நீநோமி பல ஆண்டுகள் ஆராய்ந்த கலவையை எடுத்துக்கொள்ளுங்கள்: எடையில் 29 நியோபியம், 13 டான்டலம், 4.6 சிர்கோனியம், மீதி டைட்டானியம். அணு சதவீதத்துக்கு மாற்றிப் பார்த்தால் நியோபியம் 20, டான்டலம் 4.6. சராசரி எலக்ட்ரான் 4.25 வருகிறது. குணகம் 60 முதல் 65. 2003-இல் டொயோட்டாவின் மத்திய ஆய்வுக்கூடம் வெளியிட்ட கம் மெட்டல் என்ற டைட்டானியம்-நியோபியக் கலவைக்கு 4.24. அதைக் குளிர்நிலையில் நன்றாக அடித்து நீட்டிய பிறகு குணகம் 40 அளவுக்கு இறங்கியது, வலிமை 1000 மெகாபாஸ்கலைத் தாண்டியது. இரண்டு குழுக்கள் வெவ்வேறு செய்முறையில் போய் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள் பாருங்கள்.

விளிம்பில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு. கொஞ்சம் தவறினால் ஒமேகா என்ற நுண்ணிய நிலை பீட்டாவுக்குள் தோன்றிவிடும். அது விறைப்பானது, உடையக்கூடியது. 300 முதல் 400 டிகிரியில் சும்மா வைத்தாலே வளரும். சிர்கோனியமும் வெள்ளீயமும் செய்யும் உதவி இதுதான்: ஒமேகாவைத் தலைதூக்க விடாமல் அடக்கும். வெள்ளீயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். சீனாவில் ஷென்யாங் உலோக ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவையில் 24 நியோபியம், 4 சிர்கோனியம், 8 வெள்ளீயம். டான்டலமே இல்லை. அதற்குத் தொடக்கக் குணகம் 42 என்று அறிவித்தார்கள்.

டான்டலம் இல்லாமல் முடியுமானால் உருக்குபவனுக்கு நிம்மதி. அதன் உருகுநிலை 3017 டிகிரி, டைட்டானியத்துக்கு 1668. அடர்த்தி 16.7, டைட்டானியத்துக்கு 4.5. ஆர்க் உலையில் டைட்டானியம் உருகி ஓடும்போது டான்டலம் கட்டியாகவே அடியில் கிடக்கும். நான் முதலில் உருக்கிய கட்டியை வெட்டிப் பார்த்தபோது நடுவில் உருகாத டான்டலம் பளிச்சென்று தெரிந்தது. மெல்லிய தகடாகப் போடுங்கள், கட்டியைத் திருப்பித் திருப்பிக் குறைந்தது ஐந்தாறு முறை உருக்குங்கள், பிறகு சீர்மைக்காக உயர் வெப்பத்தில் நெடுநேரம் வையுங்கள்.

பதிவு 3 | எலும்பு டாக்டர்

மூட்டு மாற்று அறுவை செய்பவன் என்ற முறையில் தாழையின் முதல் கேள்விக்கு வருகிறேன். 30-க்குக் கொண்டுவந்தால் தீர்ந்ததா? இல்லை தம்பி.

எலும்பு மெலிவது உண்மை. இடுப்பு மூட்டு மாற்றிய சில ஆண்டுகளில் எடுக்கும் எக்ஸ்ரேயில், தொடை எலும்பின் மேற்பகுதி உட்புறம் மங்கலாகத் தெரியும். ஸ்டெம் என்று நாங்கள் சொல்லும் தண்டு, சுமையை மேலே எலும்புக்குக் கொடுக்காமல் நேராகக் கீழே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று யூலியுஸ் வோல்ஃப் 1892-இல் எழுதியதை தினமும் எக்ஸ்ரேயில் பார்க்கிறோம். பிறகு மறு அறுவை தேவைப்படும்போது புதிய தண்டைப் பிடித்துக்கொள்ள எலும்பு மிச்சம் இருக்காது. அதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை.

ஆனால் "எலும்பு மாதிரியே வளையும் தண்டு" என்பது 1970-களிலேயே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் பாலிஅசிட்டால் நெகிழியால் செய்து பொருத்தினார்கள். விறைப்பு எலும்பை ஒட்டி இருந்தது. பலருக்குத் தண்டு தளர்ந்துபோனது. காரணம், தண்டு வளைந்துகொடுக்கும்போது சுமை மேல்பகுதி ஒட்டுமுகத்தில் குவிகிறது. அங்கே தண்டும் எலும்பும் ஒன்றையொன்று உரசி அசைகின்றன. அந்த அசைவு 40, 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு உலோகத்தோடு வளர்ந்து ஒட்டும். 150 மைக்ரானைத் தாண்டினால் நடுவே நார்த்திசுதான் வளரும், தண்டு ஆட ஆரம்பிக்கும். 1990-களில் ரிக் ஹூயிஸ்கெஸ் தன் கணினி மாதிரிகளில் காட்டியதும் இதைத்தான்: விறைப்பைக் குறைத்தால் எலும்பு தப்பும், ஒட்டுமுகம் துன்பப்படும்.

எலும்பு மெலிவதற்கெல்லாம் குணகத்தைக் குற்றம் சொல்லவும் கூடாது. முறிவுக்குப் போடும் பிளேட்டுக்கு அடியில் எலும்பு நுண்துளை விடுவதை ஸ்டீபன் பெரன் ஆராய்ந்து, பிளேட் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுப்பதே முக்கியக் காரணம் என்றார். பிறகுதான் எலும்பைக் குறைவாகத் தொடும் பிளேட்டுகள் வந்தன. நாம் எந்த நோய்க்கு மருந்து தேடுகிறோம் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும்.

பதிவு 4 | மல்லிகைக்கொடி

மன்னிக்கவும், நான் பொறியாளர் இல்லை. அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி எட்டு ஆண்டு ஆகிறது. வலி இல்லை, நன்றாக நடக்கிறார். போன மாதம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு "மேலே எலும்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது" என்றார்கள். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. வளையும் உலோகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமா டாக்டர்?

பதிவு 5 | எலும்பு டாக்டர்

பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் தாயாரின் படத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. பொதுவாகச் சொன்னால், தண்டு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பதற்கும் இதே மாற்றம் அடையாளமாக இருப்பதுண்டு. சுமை கீழே இறங்குகிறது என்றால் கீழே நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் குறைந்துவிட்டு அப்படியே நின்றுவிடும். வலி இல்லாத, ஆடாத தண்டை உலோகத்துக்காக மட்டும் யாரும் எடுப்பதில்லை. அவர்கள் சொன்ன இடைவெளியில் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தொடையில் புதிதாக வலி வந்தால் உடனே காட்டுங்கள்.

பதிவு 6 | அணிக்கோவை

கணினியில் மூட்டு மாதிரிகளைச் சுமையேற்றிப் பார்ப்பது என் வேலை. இந்த இழையில் எல்லோரும் குணகத்தையே பேசுகிறீர்கள். தண்டு வளைவதைத் தீர்மானிப்பது குணகம் மட்டுமல்ல. குணகத்தைக் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறனால், அதாவது அந்த வடிவமும் தடிமனும் வளைவை எதிர்க்கும் அளவால், பெருக்க வேண்டும். உருண்டைத் தண்டுக்கு அது விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 மில்லிமீட்டர் தண்டு, குணகம் 110. பன்னிரண்டின் நான்காம் அடுக்கு 20,736. பெருக்கினால் 22.8 லட்சம். இப்போது 14 மில்லிமீட்டர் தண்டு, குணகம் 60. நான்காம் அடுக்கு 38,416, பெருக்கினால் 23.0 லட்சம். அதாவது ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் குணகத்தைப் பாதியாக்குகிறீர்கள். நோயாளியின் எலும்புக் குழாய் அகலமாக இருக்கிறது என்று டாக்டர் 2 மில்லிமீட்டர் தடித்த தண்டைப் போட்டால் அவ்வளவும் போய்விடுகிறது. பிளேட்டில் தடிமனின் மூன்றாம் அடுக்கு, அங்கேயும் இதே கதை.

நுண்துளை விட்டு முப்பரிமாணத்தில் அச்சிட்டால் போதுமே, புதுக் கலவை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதையும் பார்ப்போம். வலைப்பின்னல் வடிவங்களுக்கு கிப்சன்-ஆஷ்பி விதி: குணகம் ஒப்படர்த்தியின் இருமடிக்கு ஏற்பக் குறையும், வலிமை ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப. இலக்கு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 உள்ள உலோகத்தில் ஒப்படர்த்தி 0.4 வேண்டும், அதாவது 60 சதவீதம் வெற்றிடம். வலிமை கால்பங்காகிவிடும்: 900 மெகாபாஸ்கல் இருந்தால் சுமார் 228. குணகம் 60 உள்ள பீட்டாவில் 0.55 போதும், வலிமையில் 41 சதவீதம் மிஞ்சும். ஆனால் குவென்ச் செய்த (சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்த) நிலையில் அந்த பீட்டாவின் வலிமை 550 மட்டும் என்றால் மிஞ்சுவது சுமார் 224. வித்தியாசமே இல்லை! அதே 60-இல் வலிமையை 900-க்கு உயர்த்தினால் 367 கிடைக்கும். அப்போதுதான் உங்கள் கலவைக்குப் பொருள் உண்டு.

எனவே தாழை, "குணகம் எவ்வளவு குறைகிறது" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். வலிமையைக் குணகத்தால் வகுத்தால் என்ன வருகிறது என்று கேளுங்கள். உலோகம் நிரந்தரமாக வளையாமல் எவ்வளவு திரிபைத் தாங்கும் என்பதை அது சொல்லும். 6 அலுமினியம், 4 வனேடியம் சேர்ந்த 6-4 கலவைக்கு 0.8 சதவீதம். இதைத் தாண்டாத புதுக் கலவை எனக்கு ஆர்வம் தருவதில்லை.

பதிவு 7 | தாழை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக இதை வைத்து வேலை செய்தேன். டான்டலத்தை விட்டுவிட்டு நியோபியம், சிர்கோனியம், வெள்ளீயம் எடுத்தேன். ஆறு முறை திருப்பி உருக்கி, குவென்ச் செய்து, இழுத்துச் சோதித்தேன். இழுவை வரைபடத்தின் சாய்விலிருந்து குணகம் 47 வருகிறது! அணு அடுக்கைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவில் (டிஃப்ராக்ஷன்) பீட்டா மட்டும்தான் தெரிகிறது. இதை அறிக்கையில் எழுதலாமா?

பதிவு 8 | உலைக்களம்

கொஞ்சம் பொறுங்கள். அந்த எண்ணை இன்னும் எழுதாதீர்கள்.

முதல் சந்தேகம்: நீட்சியை மாதிரியின் மேலேயே ஒட்டிய அளவியால் அளந்தீர்களா, அல்லது இயந்திரத்தின் தலை நகர்ந்ததை எடுத்தீர்களா? இரண்டாவது என்றால் இயந்திரம் தானே வளைந்ததும் பிடிகள் நழுவியதும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். குணகம் பொய்யாகக் குறைந்து தெரியும்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் முக்கியம். விளிம்பில் நிற்கும் பீட்டா, இழுக்கும்போதே ஆல்ஃபா இரட்டைக்கோடு என்ற மார்ட்டன்சைட்டாக, அதாவது வேறு ஓர் அணு அடுக்குக்கு, மாறத் தொடங்கும். விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். அப்போது வரைபடம் நேர்கோடாக இருக்காது, மெல்ல வளையும். அந்த வளைவின் குறுக்கே ஒரு கோடு போட்டுச் சாய்வெடுத்தால் அது பிணைப்பின் குணகம் அல்ல. இந்தத் துறையில் வெளிவரும் 40-சொச்ச எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஒருவர் தொடக்கச் சாய்வைச் சொல்கிறார், இன்னொருவர் சராசரியை, மற்றொருவர் நுண்முனையால் அழுத்திப் பார்க்கும் நானோ உள்ளழுத்தச் சோதனையில் வந்ததை. அது வழக்கமாகக் கூடுதலாகக் காட்டும்.

சிறு சட்டம் ஒன்றை வெட்டித் தட்டி ஒலிக்க விட்டு ஒத்திசைவு அதிர்வெண்ணிலிருந்து கணக்கிடுங்கள், அல்லது மீயொலி. திரிபு மிகச் சிறியதாக இருப்பதால் நிலைமாற்றம் குறுக்கிடாது.

மூன்றாவது, ஒமேகா. சாதாரண எக்ஸ்ரேயில் அதன் கோடுகள் பீட்டாவின் கோடுகளோடு ஒட்டிக்கிடக்கும், அளவும் நானோமீட்டர்கள்தான். மின்னணு நுண்ணோக்கியில் விளிம்பு விளைவு எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும்.

ஆக்சிஜனையும் அளந்துவிடுங்கள். மருத்துவத்துக்கான உயர்தூய்மை 6-4 கலவையில் 0.13 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பீட்டாவில் ஆக்சிஜன் எதிரியாகவே இருக்க வேண்டியதில்லை. கம் மெட்டலில் வேண்டுமென்றே சேர்த்தார்கள், அது மார்ட்டன்சைட்டை அடக்கி வலிமையைத் தூக்கியது. தெரிந்து சேர்ப்பது வேறு, தெரியாமல் உலையிலிருந்து வந்து சேர்வது வேறு.

பதிவு 9 | அணிக்கோவை

உலைக்களம் அண்ணா சொன்னதோடு ஒன்று: படிகத்தின் திசை. ஒசாகாவில் நீநோமி கலவையின் ஒற்றைப் படிகத்தை வளர்த்து அளந்தார்கள். கனசதுரத்தின் விளிம்புத் திசையில் குணகம் 35 அளவுதான், மூலைவிட்டத் திசையில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உருட்டினாலும் அச்சிட்டாலும் படிகங்கள் ஒரு பக்கம் சாயும். லேசர் போகும் பாதையை மாற்றி, விறைப்பு குறைந்த திசையை வேண்டிய பக்கம் நிறுத்தவும் முடிகிறது. எண்ணோடு திசையையும் எழுதாவிட்டால் என்னால் அதை மாதிரியில் போட முடியாது.

பதிவு 10 | எலும்பு டாக்டர்

முதுகுத்தண்டில் போடும் ராடு பற்றி யாரும் பேசவில்லையே. அதை அறுவை மேசையிலேயே கையால் வளைத்து முதுகின் வளைவுக்குப் பொருத்துகிறோம். உங்கள் வலிமை அதிகம், குணகம் குறைவு என்ற கலவையை வளைத்தால் என்ன ஆகும்? கையை எடுத்ததும் பழைய நிலைக்கே திரும்பி வரும். வளைத்து வைத்த கோணம் நிற்காது. உடம்புக்குள் வளைந்துகொடுக்க வேண்டும், எங்கள் கையில் வளைத்த இடத்தில் நிற்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்குமா?

பதிவு 11 | உலைக்களம்

நல்ல கேள்வி டாக்டர், இதற்கு அழகான விடை ஒன்று இருக்கிறது. நீநோமி குழுவினர் இதற்காகவே குரோமியம் சேர்ந்த பீட்டா கலவைகளை உருவாக்கினார்கள், 12 சதவீதம் சேர்ந்தது அதில் ஒன்று. வளைக்கும்போது வளைகிற இடத்தில் மட்டும் ஒமேகா தோன்றுகிறது. அந்த இடத்தில் குணகம் 60-களிலிருந்து 80-களுக்கு ஏறிவிடுகிறது, அதனால் திரும்பும் அளவு குறைகிறது. ராட்டின் மற்ற பகுதி முழுவதும் மென்மையாகவே இருக்கும். நாங்கள் பயந்து விரட்டும் அதே ஒமேகாவை வேண்டிய இடத்தில் மட்டும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது.

சோர்வையும், அதாவது திரும்பத் திரும்பச் சுமையேறி உலோகம் உடைவதையும், சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல நல்ல கலவைகள் இங்கேதான் விழுகின்றன. நடப்பவரின் ஒரு கால் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முறை சுமையேறி இறங்கும். பத்து ஆண்டில் ஒரு கோடி. குவென்ச் செய்த நீநோமி கலவை அத்தனை சுற்றுக்குத் தாங்கும் தகைவு 320 மெகாபாஸ்கலை ஒட்டித்தான், 6-4 கலவை 500-ஐத் தாண்டும். பதப்படுத்தினால் ஆல்ஃபா படிந்து சோர்வு வலிமை ஏறும், கூடவே குணகமும் ஏறும். குணகத்தை விடாமல் வலிமையை ஏற்றக் கடுமையான குளிர் உருட்டல் ஒரு வழி, படிகங்களை நானோ அளவுக்கு நசுக்குவது இன்னொரு வழி.

பாகங்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களையும் பார்க்க வேண்டும். மாலிப்டினம், சிர்கோனியம், இரும்பு சேர்ந்த பீட்டா கலவை இடுப்புத் தண்டுகளில் பயன்பாட்டுக்கே வந்தது. கோபால்ட்-குரோமியப் பந்து செருகும் கூம்பில் உரசல் அரிப்பும், சிலருக்கு முறிவும் பதிவாயின. நடுத்தண்டு வளைவது நல்லது. கூம்பு வளைந்தால் கெடுதல்.

பதிவு 12 | தாழை

மீண்டும் அளந்தேன். உலைக்களம் அண்ணா சொன்னது சரி, நான் இயந்திரத்தின் தலை நகர்வைத்தான் எடுத்திருந்தேன். ஒத்திசைவு முறையில் 61 வருகிறது. முதலில் மனது கஷ்டமாக இருந்தது. பிறகு 75 சதவீதம் குளிர் உருட்டியதை அளந்தேன்: உருட்டிய திசையில் 58, வலிமை 860. வகுத்தால் 1.5 சதவீதம் வருகிறது, அணிக்கோவை சொன்ன 0.8-ஐத் தாண்டிவிட்டது.

இடுப்புத் தண்டை விட்டுவிட்டேன். ஒட்டுமுகம், கூம்பு, தடிமன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முதுகலை ஆய்வில் முடிக்க முடியாது. முதுகுத்தண்டு ராடை எடுத்துக்கொள்கிறேன். அங்கே எலும்போடு ஒட்டி வளர வேண்டியது திருகுதான், ராடு அல்ல. வளைத்த பிறகு எவ்வளவு திரும்புகிறது, சோர்வில் எத்தனை சுற்று தாங்குகிறது, இந்த இரண்டை மட்டும் பார்க்கப்போகிறேன். வழவழப்பாக மெருகேற்றிய நேர் மாதிரிகளில் சோர்வுச் சோதனை அடுத்த வாரம் தொடங்குகிறது.

பதிவு 13 | எலும்பு டாக்டர்

நல்ல முடிவு தம்பி. ஒரு வேண்டுகோள். நேர் மாதிரியோடு நிறுத்தாதீர்கள். நான் எடுத்து மாற்றிய முறிந்த ராடுகளில், முறிவு தொடங்கிய இடம் பெரும்பாலும் வளைப்பான் பதித்த தழும்புதான். டைட்டானியம் கீறலைத் தாங்காது. நாங்கள் அறுவையில் எப்படி வளைக்கிறோமோ அப்படி வளைத்து, அந்தத் தழும்போடு சோதித்துப் பாருங்கள்.

பதிவு 14 | தாழை

சரி டாக்டர். பன்னிரண்டு மாதிரி வைத்திருக்கிறேன். ஆறை நேராகவும், ஆறை அறுவை வளைப்பானால் 20 டிகிரி வளைத்தும் சோதிக்கிறேன். வளைத்தவற்றில் தழும்பின் ஆழத்தையும் முதலில் அளந்துவிடுகிறேன். முடிவு எப்படி வந்தாலும் இங்கேயே போடுகிறேன்.